வீதியோரத்தில் ஒன்றரை மீற்றர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் சைக்கிள் ஓடுங்கள் என்று யாரையும் கெஞ்சத் தேவையில்லை. பள்ளிக்கூட நாளில் காலை ஆறேமுக்காலுக்குப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்திலோ விசுவமடுவிலோ புதுக்குடியிருப்பிலோ நின்று பார்த்தால் போதும். வெள்ளைச் சீருடைகள் கூட்டம் கூட்டமாக வரும். இடையிடையே வயலுக்குப் போகிறவர்கள், சந்தைக்கு மரக்கறி மூட்டை கட்டியவர்கள், பால் கான் கட்டியவர்கள், கரியரில் பிள்ளையை இருத்தி முன்பள்ளிக்குக் கொண்டுபோகும் தாய்மார். இத்தனை பேருக்கும் வீதியில் ஒதுக்கிய இடம் எது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பல இடங்களில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தார், அதற்கப்பால் கிறவல் சரிவு. அந்த ஓரத்தைப் பற்றியும், அந்த ஓரத்தில் போகும் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்காதவற்றைப் பற்றியுமே இதை எழுதுகிறோம்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத இந்த மண்ணைத் தாங்கியது சைக்கிள். நோயாளியும் நெல்மூட்டையும் விறகும், இடம்பெயர்ந்த வீட்டின் சட்டிபானையும் அதில்தான் போயின. மின்சாரமில்லாத ஊர்களில் ரைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். 2022 இல் எரிபொருளுக்கு வரிசை நின்ற நாட்களில் நாடே மறுபடி சைக்கிளைத் தேடியது. இதற்கிடையில், போர் முடிந்தபின் ஏ-9, ஏ-35, ஏ-34, ஏ-32 வீதிகள் காபெற் வீதிகளாகின. அது நல்ல காரியம். நோயாளர் வண்டி விரைவாகப் போகிறது, பஸ் நேரத்துக்கு வருகிறது. ஆனால் குழி இருந்த காலத்தில் குழியே வாகனத்தை மெதுவாக்கியது. இப்போது மெதுவாக்க எதுவுமில்லை.

கணக்கைப் பாருங்கள். பிரதான வீதியில் ஒரு தடம் மூன்று முதல் மூன்றரை மீற்றர் அகலம். பஸ்ஸின் உடல் இரண்டரை மீற்றர். சைக்கிளில் நேராகப் போகிறவருக்கும் ஆடி அசைய ஒரு மீற்றர் வேண்டும். முந்தும் வாகனம் ஆகக்குறைந்தது ஒரு மீற்றர் விலகிப் போக வேண்டும். வேகம் 60 ஐத் தாண்டினால் ஒன்றரை மீற்றர். கூட்டினால் நாலரை முதல் ஐந்து மீற்றர். தடத்துக்குள் அது கொள்ளாது. எதிரே ஒரு ரிப்பர் வந்துவிட்டால் பஸ் பின்னால் பொறுத்து வர வேண்டும், அல்லது சைக்கிள் கிறவலுக்குள் இறங்க வேண்டும். எப்போதும் இறங்குவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்படி இறங்கி ஏறுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. காபெற்றின் விளிம்பு கிறவலை விட உயர்ந்து நிற்கிறது. மாரி மழை ஓரத்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். மேலே புதிய தார் போடும்போது வீதி இன்னும் சில சென்ரிமீற்றர் உயரும். ஓரத்தை யாரும் உயர்த்துவதில்லை. இப்படியே நாலு விரற்கடை, ஒரு சாண் என்று படி விழுகிறது. இறங்கும்போது பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. திரும்ப ஏறும்போதுதான் விழுகிறார்கள். முன்சில்லு விளிம்போடு உரசிக்கொண்டு ஏற முடியாமல் நிற்கும். ஓடுகிறவர் ஹாண்டிலை இன்னும் வலப்பக்கம் திருப்புவார். சில்லு திடீரென ஏறி, சைக்கிள் வலப்பக்கமாக, அதாவது வாகனம் வரும் பக்கமாகவே சரியும். ஆகையால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: இறங்கிவிட்டால் ஓடிக்கொண்டே ஏற வேண்டாம். பிறேக் பிடித்து நின்று, பின்னால் பார்த்து, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறட்டும்.

திருத்த வேலை பெரிய வித்தையல்ல. தார் போடும்போதே விளிம்பைச் செங்குத்தாக விடாமல் 30 பாகைச் சரிவாக அழுத்திவிட்டால், பின்னாளில் மண் அரித்தாலும் சில்லு ஏறி வரும். ஏற்கெனவே போட்ட வீதிக்கு ஓரத்தை நிரப்ப வேண்டும். ஒரு பக்கம் ஒன்றரை மீற்றர் அகலம், ஆறு அங்குலம் கனம், 100 மீற்றர் நீளம் என்று எடுத்தால், இறுகிய நிலையில் ஏறக்குறைய இருபத்துமூன்று கனமீற்றர், அதாவது எட்டுக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). கிறவல் உருட்டும்போது அமுங்கும் என்பதால் பத்துக் கியூப் இறக்க வேண்டும். தாரின் விளிம்பும் கிறவலும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். வெளிவிளிம்பு ஆறு சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அதிலேயே தேங்கும். நனைத்து ரோலர் உருட்ட வேண்டும். கொட்டிவிட்டுப் பெக்கோவின் வாளியால் தட்டிவிட்டுப் போவது வேலையல்ல. உள்பக்கத்து ஒரு மீற்றருக்குத் தார் தெளித்துச் சிறுசல்லி தூவி உருட்டினால் சைக்கிள் அதிலேயே ஓடும். வெறும் கிறவலாக விட்டால் ஆறு மாதத்தில் உருளைக்கல் மேலே வந்து எல்லோரும் தாருக்கே திரும்பிவிடுவார்கள். வேலைக்கு ஏற்ற காலம் மாசி தொடங்கி ஆவணி வரை. ஐப்பசியில் கொட்டிய கிறவல் மார்கழியில் வாய்க்காலுக்குள் கிடக்கும்.

நாடு முழுவதும் இதைச் செய்ய முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். நாங்கள் கேட்பது அதுவல்ல. ஒவ்வொரு பாடசாலைக்கும் இருபக்கமும் பிரதான வீதியில் இரண்டு கிலோமீற்றர் போதும், அதிலிருந்து தொடங்குங்கள். கூட்டம் அங்கேதான், பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதும் அங்கேதான்.

மதகுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓரம் அகலமாகவே வந்துகொண்டிருக்கும். மதகில் மட்டும் கட்டைச்சுவர் தாரோடு ஒட்டி நிற்கும். பிள்ளை எந்தச் சைகையும் இல்லாமல் வீதிக்குள் வருவது இந்த இடத்தில்தான். புதிய மதகு கட்டும்போது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீற்றர் நீட்டிக் கட்டுவதற்கு ஆகும் மேலதிகச் செலவு குழாயும் கொங்கிறீற்றும் மட்டுமே. பழைய மதகுக்கு முன்னால் 30 மீற்றர் தள்ளி ஒடுங்கிய பாலம் என்ற பலகையும், சுவர் முனையில் ஒளிதெறிக்கும் பட்டியும் போடலாம். வடிகால் மேல் போடும் கம்பித் தட்டியின் கம்பிகள் வீதியின் போக்கிலே இருக்கக்கூடாது, குறுக்கே இருக்க வேண்டும். சைக்கிள் ரயரின் அகலம் நாலு சென்ரிமீற்றருக்கும் குறைவு. நெட்டுக்குப் போட்ட கம்பிக்கிடையில் முன்சில்லு முழுதாக இறங்கிவிடும்.

ரயில் கடவையிலும் இதே கதை. மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று தண்டவாளம் நெடுந்தூரம் ஏ-9 ஐ ஒட்டியே ஓடுகிறது. உள்ளூரிலிருந்து வீதிக்கு வரும் பல பிள்ளைகள் முதலில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். தண்டவாளத்தின் உள்பக்க இடைவெளி ரயரை விட அகலமானது. சரிவாகக் கடந்தால் சில்லு அதற்குள் விழும், மழையில் இரும்பின் மேல் வழுக்கும். நேர்குத்தாகக் கடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிறுவருக்கு ஒரே பாடம்: ஐந்து மீற்றர் முன்பே இறங்கு, இருபக்கமும் பார், உருட்டிக்கொண்டு போ. காதில் கைபேசியின் பாட்டு இருந்தால் மணியும் கேட்காது, ரயிலும் கேட்காது. இடைவெளியை ரப்பர் அல்லது கொங்கிறீற்றுப் பலகையால் நிரப்புவது புகையிரதத் திணைக்களத்தின் வேலை.

வேகம் பற்றி. நடந்து போகிறவரைக் கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் அவர் இறக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குள், 80 இல் ஏறக்குறைய 60 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் போகிறவரின் உடம்பும் அதே உடம்புதான். 2020 மாசியில் வீதிப் பாதுகாப்புக்கான ஸ்டொக்ஹோம் பிரகடனம் நடப்பவரும் சைக்கிளும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் 30 ஐ வரம்பாக்கச் சொன்னது. பாடசாலை வாசலில் 30 என்று பலகை மட்டும் நட்டால் யாரும் மெதுவாகப் போகமாட்டார்கள், வேகத்தடை வேண்டும். ஆனால் எங்கள் ஊர்களில் சங்கங்கள் போடும் வேகத்தடை ஓரடி அகலத்தில் மரக்குற்றி கிடப்பதுபோல இருக்கிறது. வாகனம் ஏறி இறங்கிவிடும். சைக்கிள் அதைத் தவிர்க்க ஓரத்துக் கிறவலுக்குள் போகும், கரியரில் இருக்கும் பிள்ளை எகிறும். சரியான அளவு, போக்கின் வழியே 3.7 மீற்றர் நீளம், நடுவில் 7.5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரம், இரண்டு பக்கமும் மெதுவாக எழுந்து தாழும் வளைவு. அதில் சைக்கிள் இருக்கையில் இருந்தபடியே ஓடும், கார் வேகத்தைக் குறைத்தே ஆகும்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு பிரச்சினை. மாசி, பங்குனியில் காபெற்றின் பாதியில் நெல் காயும். நெல்லைக் காக்க விளிம்பில் கல் வைப்பார்கள். விவசாயியைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. காயவிடத் தளம் இல்லாமல்தான் அவர் வீதிக்கு வருகிறார், ஈர நெல்லுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். ஆனால் சைக்கிள்கள் நடுவீதிக்குத் தள்ளப்படுகின்றன, இரவில் கல் தெரிவதில்லை, சிந்திய நெல்லில் ரயர் வழுக்கும். கமக்காரர் அமைப்புக்கு ஒரு பொதுக் காயவிடும் தளம் கட்டிக் கொடுப்பது வீதிப் பாதுகாப்புக்கான செலவாகவும் கணக்கில் வர வேண்டும். அதுவரை, கல்லுக்குப் பதில் வெள்ளைச் சாக்கில் மண் நிரப்பி வைக்கலாம். பள்ளிக்கூடம் கூடும், விடும் நேரங்களில் பாடசாலைப் பக்கத்தை விடலாம். கட்டாக்காலி மாடுகள் பற்றி உங்கள் பத்திரிகை பலமுறை எழுதிவிட்டது. இரவில் சூடான தாரில் படுக்கும் மாட்டை விளக்கில்லாத சைக்கிள் காண்பதில்லை என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறோம்.

எல்லாரையும் பிரதான வீதியால் அனுப்பத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்கால் கரைகள் ஊரையும் ஊரையும் பிரதான வீதி தொடாமலே இணைக்கின்றன. நீர்ப்பாசனத் திணைக்களம் இசைந்தால், ஒரு கரையில் இரண்டரை மீற்றர் அகலத்துக்குச் சமப்படுத்தி, நுழைவில் பூட்டுப்போட்ட கழற்றக்கூடிய ஒரு தூண் நட்டால், மணல் ரிப்பர் வராது. திணைக்களத்தின் உழவு இயந்திரம் தேவைக்குத் திறந்து போகும். தூணின் இருபக்கமும் 1.2 மீற்றர் விட வேண்டும். அதற்குக் குறைந்தால் மூட்டை கட்டிய சைக்கிள் போகாது. மேற்குப் பக்கத்தில் வேம்பும் மருதும் நட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒன்றரை மணிக்குப் பிந்திய வெயிலுக்கு நிழல்; சோளகக் காற்றும் கொஞ்சம் தணியும். சோளகத்தை எதிர்த்து ஐந்து கிலோமீற்றர் மிதித்த பிள்ளைக்கு அதன் அருமை தெரியும்.

இனிப் படிப்பு. ஓரம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சைக்கிள் ஓடத் தெரிவது வேறு, வீதியில் ஓடத் தெரிவது வேறு. முதலாவதை அண்ணனோ மாமாவோ முற்றத்தில் பழக்கிவிடுகிறார். இரண்டாவதை யாரும் பழக்குவதில்லை. நெதர்லாந்தில் ஆரம்பப் பள்ளி முடிக்கும் வயதில் பிள்ளைகள் வீதியில் சைக்கிள் ஓடிக் காட்டும் பரீட்சையே எழுதுகிறார்கள். இங்கே தரம் ஆறு முதல் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் இருக்கிறது. அதில் ஐந்து பாடவேளை போதும். மைதானம், சுண்ணாம்புத் தூள், பத்துப் பால்மா பேணி, ஐந்தாறு சைக்கிள். வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

முதல் பாடம் பின்னால் பார்ப்பது. முப்பது சென்ரிமீற்றர் அகலத்தில் பத்து மீற்றர் நீளத்துக்கு இரண்டு கோடு கீறுங்கள். பிள்ளை அதற்குள் ஓடும்போது பின்னால் நிற்கும் ஆசிரியர் சில விரல்களைக் காட்டட்டும்; பிள்ளை வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், கோட்டைத் தாண்டக்கூடாது. முதல் நாளில் பெரும்பாலானோர் தாண்டுவார்கள். தலையைத் திருப்பும்போது தோளும் சேர்ந்து திரும்புவதால் ஹாண்டில் வலப்பக்கம் போய்விடுகிறது. இடது முழங்கையைத் தளர்த்தி, நாடியைத் தோளில் வைப்பதுபோலத் திரும்பப் பழக்கினால் இரண்டாம் நாளே சரிவரும். வீதியில் பின்னால் பாராமல் வலப்பக்கம் விலகும் பிள்ளை வேண்டுமென்று பாராமல் விடுவதில்லை, பார்க்கத் தெரியாமல் விடுகிறது.

இரண்டாவது ஒரு கையால் ஓடுவது. வலக்கையைத் தோள் உயரத்தில் நீட்டி மூன்று எண்ணும் வரை ஆடாமல் ஓட வேண்டும். ஹாண்டிலில் சாப்பாட்டுப் பையோ தண்ணீர்ப் போத்தலோ தொங்கினால் இது வராது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். பை முதுகில் அல்லது கரியரில். குடை பிடித்து ஓடுவதும் இதே காரணத்தால் கூடாது.

மூன்றாவது பிறேக். சாதாரண வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைப் பின்தள்ளி, மூன்று மீற்றருக்குள் நிற்க வேண்டும். முன்பிறேக் பிடித்தால் குத்துக்கரணம் என்ற பயத்தில் பலர் பின்பிறேக்கை மட்டுமே பிடிக்கிறார்கள். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சில்லில்தான் இருக்கிறது. பிறகு ரிம்மில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுபடி ஓடச் சொல்லுங்கள். இரும்பு ரிம்மில் பிறேக் கட்டை வழுக்கி, சைக்கிள் பேணிகளைத் தாண்டிப் போகும். மழையில் முன்கூட்டியே பிறேக்கை இலேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டு பிறகு அழுத்த வேண்டும் என்பதை அந்த ஒரு வாளித் தண்ணீர் கற்பித்துவிடும்.

நாலாவதும் ஐந்தாவதும் வீதியில். வளர்ந்தவர் ஒருவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். போக்குவரத்துப் பொலிஸார் ஒருவர் நின்றால் நல்லது. விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓடப் பழக்குங்கள். விளிம்போடு ஒட்டி ஓடுகிறவர் ஒரு குழிக்கு விலகினாலே வாகனத்துக்குள் போவார். நிற்கும் வாகனத்தைக் கடக்கும்போது கதவு திறக்கும் என்றே எண்ணி ஒரு மீற்றர் விலக வேண்டும். பஸ்ஸின் இடப்பக்கத்தால் ஒருபோதும் போகக்கூடாது. சந்தியில் லொறியின் இடப்பக்கம் நிற்கவும் கூடாது. லொறி இடம் திரும்பும்போது பின்சில்லு உள்பக்கமாக வெட்டி வரும், சாரதிக்கு அந்த மூலை கண்ணாடியில் தெரியாது. வலப்பக்கம் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. சிறுவர் ஏ-9 இல் நடுவீதிக்கு வந்து காத்துநிற்க வேண்டாம். சந்தியை நேராகக் கடந்து அப்பாலுள்ள இடப்பக்க மூலையில் இறங்கி நின்று, இருபக்கமும் பார்த்து உருட்டிக்கொண்டு கடக்கட்டும். அரை நிமிடம் கூடப் போகும், போகட்டும்.

நோயாளர் வண்டிக்கு 1990, பொலிஸுக்கு 119 என்ற தொலைபேசி இலக்கங்களையும் அந்த வகுப்பிலேயே மனப்பாடமாக்குங்கள். விழுந்தவரை ஓட்டோவில் மடித்துத் தூக்கிப்போட்டுக் கொண்டுபோவதால் முதுகெலும்புக் காயம் மோசமாகலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளும் நிறுவனங்களும் வன்னிப் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கரவண்டி வழங்குகிறார்கள். அது வெறும் அன்பளிப்பல்ல. பீகார் அரசு 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தனர். பள்ளிக்கூடம் தூரமாக உள்ள ஊர்களில் பலன் அதிகம். எங்கள் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே கொடுப்பவர்களிடம் நன்றியோடு சில கேட்கிறோம்.

பிள்ளையின் உயரம் பாருங்கள். சைக்கிளின் நடுவே நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிந்து, பாருக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். வளருவாள்தானே என்று பெரியதைக் கொடுத்தால், சந்தியில் கால் எட்டாமல் இறங்கவே பயந்து நிற்காமல் ஓடுவாள். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய சைக்கிளை அப்படியே கொடுக்க வேண்டாம். முதல் மாதத்தில் கம்பிகள் தளரும். திரும்ப இறுக்கி, சில்லு நேர்பார்க்க வேண்டும். பெடல்கட்டையைப் பிடிக்கும் கொட்டர் பின்னும் தளரும். அதை அப்படியே மிதித்தால் துவாரம் நீளமாகி, பிறகு எந்தப் பின்னும் நில்லாது. இடப்பெடலின் புரி எதிர்ப்பக்கம் என்பதை அறியாமல் முறுக்கிப் புரியைக் கெடுத்துவிடுவதும் உண்டு. வழங்கி ஒரு மாதத்தில் உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரரைப் பாடசாலைக்கு அழைத்து எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கச் செய்யுங்கள். அந்தக் கூலியையும் நன்கொடையிலேயே சேருங்கள்.

சைக்கிளோடு செயின் கவரும், முன் வெளிச்சமும், பின்னால் சிவப்பு றிப்ளெக்டரும், பூட்டும் சேர வேண்டும். பத்துச் சைக்கிளுக்கு ஒரு நல்ல பம். ரைனமோ 6 வோல்ற், 3 வாற். அதன் பழைய பல்ப்புக்குப் பதில் எல்.ஈ.டி. போட்டால் மெதுவாக மிதித்தாலும் வெளிச்சம் வரும், ஆனால் நின்றதும் அணைந்துவிடும். அதனால் பின்னால் றிப்ளெக்டர் கட்டாயம். பின் மட்காட்டின் அடியில் ஒரு சாணுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, அதன் மேல் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டினால் ஹெட்லைற் வெளிச்சத்தில் தூரத்திலேயே மின்னும்.

சின்னப்பிள்ளையைக் கரியரில் இருத்தும் தாய்மாருக்கும் ஒன்று. குதிக்கால் பின்சில்லின் கம்பிக்குள் போய்க் கிழிவதும் எலும்பு முறிவதும் வைத்தியசாலைகளில் அடிக்கடி காணும் காயம். கரியரின் இருபக்கமும் கெட்டியான வலையோ தகட்டையோ கட்டி, கால் வைக்க ஒரு கம்பி ஒட்டிவிட்டால் அது நடக்காது. வெல்டிங் கடையில் அரை நாள் வேலை.

பாடசாலையிலேயே திருத்தப் பழக்குங்கள். எட்டு, பத்து, பதின்மூன்று, பதினைந்து, பதினேழு ஸ்பனர், ஒரு திருப்புளி, ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, ஒட்டுத் துண்டு, சொலுசன், உரகாகிதம். ரியூப் ஒட்டியும் மறுநாள் காற்றுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. சொலுசன் பூசியதும் ஈரத்தோடு ஒட்டைப் போட்டு அழுத்துவது; ஐந்து நிமிடம் காயவிட்டுத் தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் போட வேண்டும். மற்றது, குத்திய முள்ளை ரயருக்குள்ளேயே விட்டுவிடுவது. ஒரு துணியை உள்பக்கம் முழுதும் ஓடவிட்டால் நெருஞ்சி முள் துணியில் மாட்டும். செயினை அளக்க ஓர் அடிமட்டம் போதும்: புதிய செயினில் 24 இணைப்பு சரியாகப் பன்னிரண்டு அங்குலம், அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் மாற்றுங்கள். மாற்றாமல் ஓடினால் பிரீவீலின் பல்லும் தேயும், பாரம் ஏற்றி மிதிக்கும்போது செயின் பாயும்.

நிறுத்துமிடத்துக்குக் கவிழ்த்த ப வடிவத்தில் இரண்டு அங்குல இரும்புக் குழாய் போதும். எண்பது சென்ரிமீற்றர் உயரம், முப்பது சென்ரிமீற்றர் கொங்கிறீற்றுக்குள், ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர். சில்லைச் செருகும் கம்பிச் சட்டம் வேண்டாம், ரிம் வளையும். மேலே கூரை வேண்டும். வெயிலில் நின்ற ரியூபின் ஒட்டு விட்டுப்போகும். பாடசாலைக்கு மட்டுமல்ல, பஸ் தரிப்பிடத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இது வேண்டும்.

சாரதிகளுக்குக் கொஞ்சம். சைக்கிளின் பின்னால் நெருங்கி வந்து ஹோர்ன் அடிக்காதீர்கள். திடுக்கிட்ட பிள்ளை சத்தம் வந்த பக்கம் திரும்பும், சைக்கிளும் திரும்பும். தூரத்தில் ஒருமுறை இலேசாக அடித்தால் போதும். பஸ் சாரதிகள் சைக்கிள் வரிசையை முந்திப்போய் உடனே இடப்பக்கம் வெட்டி நிறுத்துவதை விட்டு, இருபது வினாடி பின்னால் வந்து நிறுத்தலாம். இரவில் எதிரே சைக்கிள் வந்தாலும் ஹைபீமைத் தாழ்த்துங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் சைக்கிளை முந்தும் இடைவெளி பற்றியும் கேள்விகள் சேர வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே பல கடிதங்கள் தவறான மேசைக்குப் போய்க் கிடக்கின்றன. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. உள் ஒழுங்கைகள் பிரதேச சபையினுடையவை. பெரிய குளத்து வாய்க்கால் கரை நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது, சிறுகுளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது.

ஒவ்வொரு பாடசாலையிலும் தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகள் தாங்கள் வரும் வழியை ஒரு தாளில் கீறட்டும். எந்த இடத்தில் விளிம்பு ஒரு சாண் இறங்கியிருக்கிறது, எந்த மதகு ஒடுக்கம், எங்கே மாடு படுக்கிறது, எங்கே மழைக்குத் தண்ணீர் நிற்கிறது என்று குறிக்கட்டும். இடத்தை வீதியோரக் கிலோமீற்றர் கல்லோடும் மின்கம்ப இலக்கத்தோடும் எழுத வேண்டும். கோவிலடி, ஆலமரத்தடி என்று எழுதினால் பொறியியலாளரின் ஆட்கள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒரே இடத்தை ஐந்து பிள்ளைகள் குறித்திருந்தால் அது முதலில். அந்த வரைபடத்தைப் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கையொப்பமிட்டு, உரிய நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு பிரதியும் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். பிரதேச சபைக்குப் போவது பாதீட்டுக்கு முன்னர், புரட்டாதிக்குள் போய்ச் சேர வேண்டும். கார்த்திகையில் போனால் அடுத்த ஆண்டுக் கணக்கில்கூட அது வராது.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துவோரும் வீதி வேலை தெரிந்தோருமான சிலர்,
பரந்தன்